ஊரைக் கொடுத்து ஆளைத் தேடுங்கள்: போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தேடல் தளம் எவ்வளவு உதவும்?

"தாத்தாவோடு பட்டாளத்தில் இருந்த சேலத்து ஆறுமுகம் என்ன ஆனார்?" இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தமிழ்க் குடும்பங்களில் மிஞ்சியிருக்கும் கேள்வி பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். ஒரு பெயர், ஒரு ஊர், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் "பர்மாவில் கூட இருந்தார்" என்ற ஒரு வரி. இவ்வளவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடத் தொடங்குகிறவர் முதலில் போக வேண்டிய இடம் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளம். தேடுவதற்குக் கட்டணம் கிடையாது.

1917 மே 21 அன்று அரச சாசனத்தால் உருவான அமைப்பு இது. இரண்டு உலகப் போர்களிலும் காமன்வெல்த் படைகளில் இருந்து இறந்த சுமார் 17 லட்சம் பேரின் பதிவுகளைப் பராமரிக்கிறது. இரண்டாம் போரில் பிரிக்கப்படாத இந்தியாவின் படைகளிலிருந்து மட்டும் சுமார் 87,000 பேர் இதில் இருக்கிறார்கள். இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் இறந்தவர்கள் என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உயிரோடு திரும்பிய நண்பரை இந்தத் தளம் காட்டாது. ஆனாலும் முதலில் இங்கேதான் வர வேண்டும். திரும்பியவர்களைத் தேடும் வழிகள் மாதக் கணக்கில் இழுக்கும். இங்கே ஒரே மாலையில் ஒரு பக்கக் கதவைத் திறந்தோ மூடியோ விடலாம்.

தேடும் படிவத்தைத் திறந்ததும் எல்லோரும் செய்யும் தவறு, குடும்பப் பெயர் கேட்கும் பெட்டியில் "ஆறுமுகம்" என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டு முடிவைப் பார்ப்பது. ஒன்று, நூற்றுக்கணக்கான ஆறுமுகங்கள் வந்து நிற்பார்கள். அல்லது தேடும் ஆள் வேறு எழுத்துக்கூட்டலில் எங்கோ உட்கார்ந்திருப்பார். ஆள் சேர்த்த எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியதுதான் அந்தக் காலத்துப் பெயர். முனுசாமிக்கு நடுவில் யூவும் வரும், ஐயும் வரும், டபுள் ஓவும் வரும். "சாமி"யை டபிள்யூ போட்டும் எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள். கடைசி எழுத்து ஐ, ஒய் எதுவாகவும் இருக்கலாம். ஒரே முனுசாமி பத்துக்கு மேற்பட்ட முனுசாமிகளாகச் சிதறிவிடுகிறார். ழகரம் இன்னும் மோசம். எல், ஆர், ஒய், இசட்எச் என்று எப்படியும் மாறியிருக்கும். கோவிந்தசாமி, கிருஷ்ணசாமி போன்ற கூட்டுப் பெயர்கள் இரண்டு துண்டாகி, ஒரு துண்டு முதற்பெயர்ப் பெட்டிக்கும் மற்றது குடும்பப் பெயர்ப் பெட்டிக்கும் போயிருக்கக்கூடும். தந்தை பெயரின் முதலெழுத்து சிலருக்கு இருக்கும், சிலருக்கு விடுபட்டிருக்கும்.

அதனால் பெயரை முதலில் அடிக்காதீர்கள். மேம்பட்ட தேடலில் "கூடுதல் தகவல்" என்று ஒரு பெட்டி இருக்கிறது. இந்தத் தளத்தில் தமிழர்களுக்கு உண்மையாகப் பயன்படுவது அதுதான். போருக்குப் பிறகு உறவினரிடமிருந்து பெற்ற விவரங்கள் அங்கே ஒரே வாக்கியமாக இருக்கும்: இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன மாவட்டம், மணமானவர் என்றால் மனைவியின் பெயரும் சேரும். போர் எது, எந்த நாட்டுப் படை என்பவற்றில் இரண்டாம் உலகப் போரையும் இந்தியப் படையையும் தேர்ந்தெடுங்கள். கூடுதல் தகவலில் மாவட்டத்தின் பெயரை மட்டும் போடுங்கள். துல்லியப் பொருத்தம் எங்காவது தேர்வாகியிருந்தால் அதை நீக்கிவிடுங்கள். பெயர் காலியாகவே இருக்கட்டும்.

மாவட்டம் என்றால் இன்றைய மாவட்டம் அல்ல. இதில்தான் பாதிப் பேர் தோற்றுப்போகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அப்போது சேலம் மாவட்டம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆட்களை வட ஆற்காட்டிலும், கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி ஆட்களைத் தென் ஆற்காட்டிலும் தேட வேண்டும். ஈரோடும் திருப்பூரும் கோயம்புத்தூரில் அடங்கும். கரூர், பெரம்பலூர், அரியலூர் திருச்சியோடு வரும். திண்டுக்கல்லும் தேனியும் மதுரை. சிவகங்கையும் விருதுநகரும் ராமநாதபுரம். தூத்துக்குடியும் தென்காசியும் திருநெல்வேலி. இவற்றையும் அன்றைய ஆங்கிலேயர் எழுதிய உருவத்தில்தான் அடிக்க வேண்டும்: டின்னவேலி, ட்ரிச்சினாபோலி, டாஞ்சூர், மதுரா, ராம்நாட், சிங்கிள்பட். கன்னியாகுமரிக்காரர் திருவிதாங்கூரின் கீழ் இருப்பார். புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம். ஊர்ப் பெயரும் தெரிந்தால் அதை இரண்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிற்றூர்களின் எழுத்துக்கூட்டல் ஆள் பெயரைவிடக் குழப்பமானது. ஊர்ப் பெயரின் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் நம்புவது நல்லது.

இப்போது வரும் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். முடிவுகளை அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதியைத் தளம் தருகிறது. இதற்காகவே ஆணையத்தைப் பாராட்ட வேண்டும். கோப்பைத் திறந்து, பதவி, படைப்பிரிவு, இறந்த தேதி, நினைவிடம், பட்டாளத்து நம்பர் என்று ஒவ்வொரு பத்தியாக வரிசைப்படுத்திப் பார்க்கலாம்.

பதவியைப் பார்க்கும்போது சிப்பாய், நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார் என்பவற்றோடு நின்றுவிடாதீர்கள். பொறியாளர் படை என்றால் சாதாரண வீரருக்கு "சப்பர்" என்று இருக்கும். பயனியர் (பாதை போடுவது போன்ற உடலுழைப்பு வேலை செய்தவர்), டிரைவர் ஆகியவையும் பதவிகளே. சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், துப்புரவாளர், முடிதிருத்துபவர் என்ற தலைப்புகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள். "தாத்தாவின் நண்பர் பட்டாளத்தில் இருந்தார்" என்று வீட்டில் சொன்னால் அவர் துப்பாக்கி ஏந்தியவர் என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது.

படைப்பிரிவுப் பெட்டியில் முழு அதிகாரபூர்வப் பெயரை அடித்தால் வலை சிறுத்துவிடும். "மெட்ராஸ்" என்ற ஒரு சொல்லைப் போட்டுத் தொடங்குங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் அப்போது 3-ஆம் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்ற பெயரில் இருந்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொறியாளர் படையான மெட்ராஸ் சப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் வேறு. தமிழர்கள் இந்த இரண்டில் மட்டும் இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சரக்கு வண்டி ஓட்டிய ராணுவ சேவைப் பிரிவு, மருத்துவப் பிரிவு, சிக்னல்ஸ், பயனியர் பிரிவு என எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். மறுபக்கம், மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருப்பவர் எல்லோரும் தமிழரும் அல்லர். அன்றைய மாகாணத்தில் மலபாரும் ஆந்திரக் கடற்கரையும் ராயலசீமையும் சேர்ந்திருந்தன.

நம்பர்ப் பத்திக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். ஒரே சமயத்தில் சேர்ந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். தாத்தாவின் எண் தெரிந்தால், அதற்கு முன்னும் பின்னும் ஐம்பது நூறு எண்களுக்குள் இருப்பவர்கள் அவரோடு பயிற்சிக் கூடத்தில் நின்றவர்களாக இருக்கலாம். அந்த எண்ணை டிஸ்சார்ஜ் சான்றிதழில் தேடுங்கள். அது தொலைந்திருந்தால் பதக்கங்களை எடுத்து விளிம்பையும் பின்பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இந்தியப் படையினருக்கு வழங்கிய பதக்கங்கள் பலவற்றில் எண்ணும் பெயர்ச்சுருக்கமும் பொறித்திருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், அந்த எழுத்துகள் ஆழமில்லாதவை. எண்ணுக்கு முன்னால் எழுத்தும் சாய்கோடும் இருந்தால் அவற்றை விட்டுவிட்டு இலக்கத்தை மட்டும் போட்டும் ஒருமுறை தேடுங்கள். அதிகாரி என்றால் ஐசி, ஐஇசி போன்ற முன்னெழுத்துகள் வரும். ஐஇசி என்பது போர்க்காலத்தில் அவசரமாக நியமனம் பெற்றவர்களுக்கு உரியது.

முறை சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு சோதனை செய்துகொள்ளலாம். மெட்ராஸ் சப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடியின் மேல் தன் உடலைக் கவிழ்த்துத் தோழர்களைக் காப்பாற்றி இறந்தவர். வீரத்துக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்றவர். பெயரை அடிக்காமல் தேதி, விருது, படை ஆகியவற்றை வைத்து அவருடைய பதிவுக்கு வந்து சேருங்கள். வர முடிந்தால் படிவம் உங்கள் கைக்குப் பழகிவிட்டது என்று பொருள்.

பதிவு கிடைத்த பிறகு மிகுதியாகப் பேசுவது நினைவிடத்தின் பெயர். ரங்கூன் நினைவிடம் என்று இருந்தால், பர்மாப் போர்முனையில் இறந்து, கல்லறை அறியப்படாதவர். மியான்மரின் தவுக்கியானில் உள்ள அந்தத் தூண்களில் ஏறத்தாழ 27,000 பெயர்கள் இருக்கின்றன. சிங்கப்பூர் நினைவிடம் கிராஞ்சியில் இருக்கிறது, 24,000-க்கு மேற்பட்ட பெயர்கள். மலேயாப் போரில் இறந்தவர்களும் ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்து இறந்தவர்களும் அதில் சேர்வார்கள். இந்தியக் கைதிகள் பலரை நியூ கினி, நியூ பிரிட்டன் வரைக்கும் கொண்டுபோனார்கள். ஆகவே லே, ரபாவுல் கல்லறைகளையும் பார்க்காமல் விடாதீர்கள். "தகன நினைவிடம்" என்று கொஹிமா, இம்பால், இத்தாலியின் சாங்ரோ நதி போன்ற இடங்களில் வந்தால், உடலை எரித்து, பெயரை மட்டும் பொறித்திருக்கிறார்கள்.

டெல்லி/கராச்சி 1939–1945 நினைவிடங்கள் என்று வந்தால் பலர் குழம்புகிறார்கள். அவர் டெல்லியிலோ கராச்சியிலோ சண்டையிட்டார் என்பதல்ல செய்தி. இந்திய மண்ணிலேயே இறந்து, தொடர்ந்து பராமரிக்க இயலாத இடத்தில் புதைக்கப்பட்ட 25,000-க்கு மேற்பட்டவர்களை இரண்டு நகரங்களிலும் சேர்த்துப் பதிந்திருக்கிறார்கள். பயிற்சி முகாமில் காய்ச்சலில் இறந்தவரும், காயத்தோடு திரும்பி இங்குள்ள ராணுவ மருத்துவமனையில் இறந்தவரும் இதில் இருக்கலாம். "பர்மாவுக்குப் போனார், திரும்பவில்லை" என்று ஊரில் சொல்லும் ஒருவர் உண்மையில் ரயிலேறும் முன்பே இறந்திருக்க முடியும்.

இறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம். கைதிகளுக்கும் காணாமல் போனவர்களுக்கும் பிற்பாடு ஊகித்து ஒரு தேதியைக் குறித்திருப்பார்கள். ஒரே அணியில் பலருக்கு ஒரே தேதி என்றால் இரண்டு காரணங்களில் ஒன்று: அன்று பெரிய சண்டை, அல்லது எழுத்தரின் முடிவு. 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் சரணடைந்த நாள். அந்தத் தேதி வந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

இனி இந்தச் சேவையின் குறைகள். கூடுதல் தகவல் எல்லோருக்கும் இல்லை. குடும்பத்தை எட்ட முடியாதவர்களுக்கு அந்த இடம் வெறுமையாகவே கிடக்கிறது. ஊரை வைத்துத் தேடும் முறை அவர்களிடம் பலிக்காது. முதல் உலகப் போரைப் பொறுத்தவரை குறை இன்னும் ஆழமானது. அன்றைய ஆணையம் இந்திய, ஆப்பிரிக்க வீரர்களை வெள்ளையருக்குச் சமமாக நினைவுகூரவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படாமல் போனார்கள் என்றும் ஆணையமே 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆணையம் மன்னிப்பும் கேட்டது. நூறு ஆண்டு கழித்து வந்தாலும் அது நேர்மையான ஒப்புதல்தான். ஆனால் 1914-க்காரரைத் தேடும் பேரனுக்கு ஒப்புதலால் பதிவு கிடைத்துவிடாது.

காலக்கெடுவும் உண்டு. இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் மட்டுமே. காஷ்மீர், 1962, 1965, 1971 போர்களின் தோழர்களுக்கு டெல்லியின் தேசியப் போர் நினைவிடத்தைப் பார்க்க வேண்டும். அது 2019 பிப்ரவரி 25-இல் திறக்கப்பட்டது, பெயர்களைக் கிரானைட் கற்களில் பொறித்திருக்கிறார்கள். ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலையில் செத்த மலேயாத் தோட்டத் தமிழர்கள் ஆணையத்தின் பட்டியலில் இல்லை. அவர்கள் படைவீரர்களாகக் கணக்கிடப்படவில்லை. தாய்லாந்தில் அந்தப் பாதையோரம் உள்ள காஞ்சனபுரியின் ஒழுங்கான கல்லறை வரிசைகளில் அவர்களுக்கு இடம் இல்லாதது இன்றும் உறுத்துகிறது. மலேயாவில் தோட்டத்திலிருந்து நேராக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களும் இங்கே இல்லை. அவர்களுக்கு டெல்லியில் உள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐஎன்ஏ கோப்புகள்தான் வழி. அபிலேக் படல் என்ற அதன் இணையதளத்தில் தேடலாம். 1972-இல் தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியத் திட்டத்தில் விண்ணப்பித்தவர் என்றால், அந்தக் கோப்பில் ஊர், சேர்ந்த இடம், உடனிருந்தவர் பெயர் என்று நிறையவே இருக்கக்கூடும்.

பெயர் கிடைக்கவில்லை என்றால்? அது பெரும்பாலும் நல்ல செய்தி. போரின் உச்சத்தில் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். இறந்ததாகப் பதிவானவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர். பல எழுத்துக்கூட்டல்களிலும் ஊரை வைத்தும் எண்ணை வைத்தும் தேடிக் கிடைக்காதவர் திரும்பி வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதை நிரூபணமாகக் கொள்ளாமல், அடுத்த கட்டத்துக்குப் போகும் அனுமதிச் சீட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அடுத்த கட்டத்தில் இரண்டு இடங்கள். முதலாவது, படைப்பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகம்: மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியின் வெலிங்டன், மெட்ராஸ் சப்பர்ஸின் வாரிசான மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்புக்குப் பெங்களூர். எண், பதவி, பெயர், தந்தை பெயர், சேர்ந்த ஆண்டு, கிராமம், வட்டம், அன்றைய மாவட்டம் ஆகியவற்றைத் தனித்தனி வரியாக எழுதுங்கள். இன்னொருவரின் முகவரியைக் கேட்டால் தர மாட்டார்கள், தரவும் கூடாது. நீங்கள் எழுதிய கடிதத்தைத் தபால்தலை ஒட்டிய உறையில் வைத்து, அவருக்கோ வாரிசுக்கோ அனுப்பிவைக்க இயலுமா என்று கேளுங்கள். ஓய்வூதியம் இல்லாமல் விலகியவர்களின் சேவை ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழிப்பது நடைமுறை. போர் முடிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்த வகைதான். அதனால் "ஆவணம் இல்லை" என்ற பதில் வந்தால் ஓய்ந்துவிடாமல், லாங் ரோல் என்ற பெயர்ப் பேரேட்டில் பதிவு உண்டா என்று மறுபடி கேளுங்கள். ஆவணம் அழிந்த பிறகும் அந்தப் பேரேட்டில் ஒரு வரி நிற்கக்கூடும்.

இரண்டாவது இடம், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாத உதவித்தொகை வழங்கிவருகிறது, அது இந்த அலுவலகங்கள் வழியாகத்தான் போகிறது. எனவே ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் அழிந்துபோன ஒருவர் இங்கே உதவித்தொகைப் பதிவேட்டில் உயிரோடு இருக்கலாம். நண்பரின் சொந்த மாவட்ட அலுவலகத்தை அணுகுங்கள், உங்கள் மாவட்டத்தை அல்ல. 1945-இல் பதினெட்டு வயதில் சேர்ந்தவர்கூட 1927-இல் பிறந்தவர். ஆகவே நண்பரையே பார்த்துவிடலாம் என்று எண்ணுவதைவிட, அவர் மனைவியோ பிள்ளைகளோ கிடைப்பார்கள் என்று எண்ணிக் கடிதத்தை எழுதுங்கள். தாத்தாவும் அவரும் சேர்ந்து நிற்கும் குழுப்படம் வீட்டில் இருந்தால் அதன் பிரதியையும் உள்ளே வையுங்கள். அந்தக் குடும்பத்தில் அவருடைய பட்டாளத்துப் படம் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.

கடைசியாக, ஆணையத் தளத்தில் ஆளைக் கண்டுபிடித்து, ஊர்ப் பெயரோ தந்தை பெயரோ தவறாக இருப்பதைப் பார்த்தால் திருத்தம் கோரலாம். வாய்மொழி போதாது. டிஸ்சார்ஜ் தாள், பழைய ஓய்வூதிய ஆணை, அந்தக் காலக் கடித உறை போன்ற சான்றின் நகலோடு, பதிவில் உள்ள எண்ணைக் குறிப்பிட்டுத் தளத்தின் விசாரணைப் படிவம் வழியாக அனுப்ப வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டலை மாற்றச் சொல்லும்போது குடும்பம் இன்று எழுதும் வடிவத்தைவிட, அவர் கையெழுத்திட்ட வடிவம் ஏதாவது தாளில் இருந்தால் அதை அனுப்புங்கள்.